இலவச முகாமின் இலக்கணம்: ஆஸ்திரேலிய நெடுஞ்சாலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

பணி ஓய்வு பெற்றதும் வீட்டைப் பூட்டிவிட்டு, காருக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு நாட்டைச் சுற்றக் கிளம்பும் ஆஸ்திரேலியர்களுக்கு 'நரை நாடோடிகள்' என்று பெயர். இரவில் காசில்லாமல் எங்கே நிற்கலாம் என்று இவர்களுக்குச் சொல்லும் நூல்களும் செயலிகளும் ஏராளம். காசிருந்தும் ஏன் அங்கே போய் நிற்கிறார்கள் என்று ஆராய்ந்தவரைக் காணோம். அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

2. வகைப்பாடு

இலவசம் மூவகைப்படும்.

முதலாவது, முழு இலவசம். நெடுஞ்சாலை ஓய்விடங்கள் இதன்பாற்படும். பொதுவாகக் குவீன்ஸ்லாந்தில் 20 மணி நேரமும், மேற்கு ஆஸ்திரேலியாவில் 24 மணி நேரமும் தங்கலாம். கூடுதலான அந்த 4 மணி நேரத்தில் செய்யத்தக்கது யாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. தூக்கமே என்பது பெரும்பான்மையோர் துணிபு.

இரண்டாவது, மனச்சாட்சி இலவசம். சிற்றூர்த் திடலில் ஓர் உண்டியல் மட்டும் இருக்கும், கேட்பதற்கு ஆள் இருக்காது. நாணயம் விழுந்தால் ஓசை கேட்கும். ஆஸ்திரேலிய நோட்டோ மெல்லிய பிளாஸ்டிக், ஓசையின்றி விழும். எனவே நோட்டுப் போடுகிறவர் அதைச் சற்று உயர்த்திப் பிடித்தே போடுவர்.

மூன்றாவது, கடப்பாட்டு இலவசம். சிற்றூர் மதுக்கடையின் பின்புறத்தில் சும்மா நிற்கலாம். இரவுச் சாப்பாட்டை உள்ளே போய்ச் சாப்பிடாதவரைக் காலையில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

3. சேமிப்புக் கணக்கு

வேளாண் கண்காட்சித் திடல்கள் ஆண்டில் சில நாள் மாட்டுக்கும் குதிரைக்கும் உரியவை. மற்ற நாள்களில் பலவும் கேரவன்களுக்குத் திறந்திருக்கும். மின்சாரம், குளியலறை சகிதம் ஓர் இரவுக்கு 30 டாலர் எனக் கொள்வோம். இதை மிச்சப்படுத்த ஒருவர் 60 கிலோமீட்டர் விலகிச் சென்று இலவச முகாமில் தங்கி, மறுநாள் அதே தூரம் திரும்புகிறார். கேரவன் இழுக்கும் கார் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 17 லிட்டர் டீசல் குடிக்கும். லிட்டர் 2 டாலர் என்றாலும் செலவு 40 டாலரைத் தாண்டுகிறது. இதனை 'எதிர்மறைச் சேமிப்பு' என்க.

4. ஈர்ப்பு விதி

நலர்பார் சமவெளியைக் கடக்கும் ஏர் நெடுஞ்சாலையில் பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டருக்கு வளைவே கிடையாது. இடத்துக்குப் பஞ்சமே இல்லாத அங்கும் இரண்டாவதாக வரும் கேரவன் முதலாவதை ஒட்டியே நிற்கும். தனிமை தேடி வந்தவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? முன்னவர் ரசமட்டம் வைத்துப் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையே காரணம். தரை சாய்ந்தால் கேஸில் ஓடும் குளிர்பெட்டி முரண்டு பிடிக்கும். தலைமாடு தாழ்ந்தால் தூக்கம் போகும். சக்கரத்தடியில் கட்டையைச் செருகி, மனைவி "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!" என்று கை காட்ட, ரசமட்டக் குமிழ் நடுவில் வந்து நிற்கும்வரை எவரும் இயற்கையை ரசிப்பதில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் எல்லையில் பழம், காய்கறி, தேன் ஆகியவற்றைச் சோதனைச் சாவடியில் ஒப்படைத்தாக வேண்டும். ஆதலால் முந்தைய இரவு முகாமில் முன்பின் தெரியாதவரும் ஆரஞ்சுப் பழத்தை நீட்டுவர். இக்கொடைக்கு உந்துதல் அன்பா, சட்டமா என்பது தனி ஆய்வுக்குரியது.

5. இலவசத்தின் ஆயுள்

தொட்டித் தண்ணீரைச் சிக்கனத்தால் நீட்டலாம். சோலார் பலகை பேட்டரியைக் காக்கும். நீட்ட முடியாதது ஒன்றே: ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும் கழிவறைப் பெட்டி. இருவருக்கு அது சில நாள்களே தாங்கும். நிரம்பியதும், எவ்வளவு அழகான ஆற்றங்கரையானாலும் கிளம்பி, கழிவு கொட்டும் இடமுள்ள ஊரைத் தேடியாக வேண்டும்.

6. முடிபு

மாலை 5 மணிக்கு மடக்கு நாற்காலிகள் வட்டமாகக் கூடும். "நேற்று ஆற்றங்கரை, பைசா செலவில்லை" என்பவருக்கே அங்கு மதிப்பு. "முப்பது டாலர் கொடுத்தேன், வெந்நீர் நன்றாக வந்தது" என்பவரை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆகவே இலவச முகாம் ஈட்டித் தருவது பணம் அன்று, பெருமை என்பது பெறப்படும். பின்வரும் ஆய்வாளர்க்கு ஒரு பரிந்துரை: மூன்றாம் பகுதியின் டீசல் கணக்கை அந்த வட்டத்தில் எடுத்துரைக்க வேண்டா. உரைப்பின், அன்றிரவே கட்டண முகாமுக்கு வழி விசாரிக்க நேரும்.