அடியில் தங்கியது

மாட்டாஸ்பத்திரி ஆய்வகத்தில் அன்று எங்களுக்கு வாய்த்த மைக்ரோஸ்கோப்புக்குக் கரண்ட் வேண்டாம். அடியிலுள்ள கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரல் தட்டைப்புழு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிச் சாணம் வந்து குவிவதோ காவிரிப் படுகையில் அடைமழை பெய்து ஓய்கிற மாதங்களில். மேகம் மூடிய நாளில் எந்த மாட்டுக்கும் நோய் கிடையாது.

சுலபமான முறை நேரடிப் பூச்சு. ஈர்க்குச்சி நுனியில் துளி சாணம், ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர், மேலே கவர்ஸ்லிப். ஒரு நாளைக்குக் கிலோக்கணக்கில் போடும் ஜீவனிடம் ஈர்க்குச்சி நுனியளவு வாங்கி வைத்துக்கொண்டு ‘புழு இல்லை’ என்று எழுதித் தருவோம். முத்திரையும் உண்டு. இன்னொன்று, உப்புக் கரைசலில் மிதக்கவிடுவது. உருண்டைப்புழு முட்டைகள் சமர்த்தாக மேலே வந்துவிடும். தட்டைப்புழு முட்டை கனம். அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலாக எடுத்துப் பார்த்துவிட்டு மந்தைக்கே நற்சான்று கொடுத்த புண்ணியவான்கள் இருந்தார்கள்.

அடியில் போகிறதைப் பிடிக்க அடியில்தானே தேட வேண்டும்? சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியில் நார் போக வடித்து, டம்ளரில் அசையாமல் வைப்போம். சில நிமிடம் கழித்து மேல்தண்ணீரை மெதுவாகச் சாய்த்துக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்றுவோம். தண்ணீர் தெளியும்வரை இதே வேலை. கடைசி வண்டலில் மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு. லென்ஸின் கீழே நீலக் குப்பைக்கு நடுவில் பொன்மஞ்சளாக, ஒரு முனையில் சின்ன மூடியோடு கிடக்கும் முட்டையைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். பக்கத்திலேயே நிறமில்லாமல் கிடப்பது இரைப்பைத் தட்டைப்புழுவின் முட்டை. சாயம் போடாதவர் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவார்.

இப்போது காலம் மாறிவிட்டது. சாணத்திலேயே புழுவின் புரதத்தைப் பிடிக்கும் எலைசா வந்திருக்கிறது. மரபணுவைத் தேடும் பிசிஆர் இருக்கிறது. குறை சொல்லக் கூடாது. புல்லோடு உள்ளே போன குஞ்சுப்புழு ஈரலைத் துளைத்துக்கொண்டு பித்தநாளத்துக்கு வந்து முட்டையிட 10 வாரம், அதற்கு மேலும் ஆகும். அதுவரை எங்கள் டம்ளர் வித்தை பலிக்காது. எலைசா சில வாரம் முந்திக்கொள்ளும். ஆனால் அதன் தட்டில் 96 குழிகள். வந்த சாணமோ மூன்று மாட்டுடையது. மூன்றுக்காகக் கிட்டைப் பிரிப்பதா என்று ஓரிடத்தில் காத்திருந்தார்கள், கிட் காலாவதியானது. அதற்குள் மூன்று மாட்டுக்கும், கூடவே முப்பது மாட்டுக்கும், மருந்து ஊற்றியாகிவிட்டது. அன்று சோதிக்க வசதியில்லாமல் குத்துமதிப்பாக ஊற்றினோம். இன்று வசதியை வைத்துக்கொண்டு ஊற்றுகிறோம். ட்ரைக்ளாபெண்டசோல் என்ற தட்டைப்புழு மருந்துக்கு மசியாத புழுக்கள் ஆஸ்திரேலிய ஆடுகளில் 1990களிலேயே தென்பட்டன என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

மனிதர்களைச் சோதிப்பவர்கள் பாடு வேறு. காட்டோ-காட்ஸ் முறையில் 41.7 மில்லிகிராம் மலத்தை அச்சில் அளந்து, கண்ட முட்டைகளை எண்ணி 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று வந்துவிடும். கணக்கு சுத்தம். ஆனால் புழு விழுந்த ஆட்டீரலை வறுத்துச் சாப்பிட்டு வந்தவரின் மலத்திலும் முட்டை தெரியும், அது ஆட்டுடையது. ஆகவே சில நாள் ஈரலை நிறுத்தச் சொல்லி மறுபடி பார்க்க வேண்டும். எந்த இயந்திரமும் ‘நேத்து என்ன சாப்பிட்டீங்க?’ என்று கேட்காது.

இப்போதெல்லாம் சாணம் வருவதே குறைவு. வாட்ஸ்அப்பில் படம் வருகிறது, “சார், ஈரல் புழுவான்னு பாத்துச் சொல்லுங்க” என்று. பெரிதாக்கிப் பார்த்தால் சாணம்தான் பெரிதாகிறது.

முடிந்தால் இப்படிச் செய்யுங்கள். தாடைக்குக் கீழே நீர் கோத்த மாட்டோடு, கூட மேய்ந்த நாலைந்து மாடுகளுடையதையும் எடுங்கள். மாடு போட்டவுடனே, மண் படாத மேல்பாகத்திலிருந்து ஒரு சிறங்கை போதும். தனித்தனி டப்பாவில், எது எந்த மாடு என்று எழுதி, அன்றைக்கே கொண்டுவந்து கொடுங்கள். வண்டலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பார்த்த பிறகு மருந்து வாங்குங்கள்.