இரவற் பட்டியல் இயல்

பிறர் வீட்டு ஏணியையும் கடகத்தையும் இரவல் வாங்குவோர் அவற்றைப் பழுதின்றித் திருப்பிக் கொடுக்கும் மரியாதையை அறிந்திருக்க, பிறர் வகுத்த பட்டியலை இரவல் வாங்குவோர் மாத்திரம் அதனைத் தம் பிதுரார்ச்சிதமாகவே பாவித்து ஆளுகின்ற விந்தை, யாழ்ப்பாணத்துப் பண்டிதர்களின் கவனத்துக்கு இதுகாறும் எட்டாதிருப்பது பெருங்குறையாம்.

இவ்விஷயத்தில் முன்னோர் நெறி தெளிவானது. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, கைலாயமாலை, வையாபாடல் முதலாய நூல்களுக்குத் தான் கடன்பட்டதைப் பாயிரத்திலேயே ஒப்புக்கொள்கின்றது. சைமன் காசிச்செட்டி 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தமிழ் புளூராக்'கில் ஆங்கில நெடுங்கணக்கின்படி அணிவகுத்து நின்ற புலவர்களோ, 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் பாவலர் சரித்திர தீபகத்தில் மேலும் பலரோடு கூடி 410 பேராகி, தமிழ் அகரவரிசையில் இடம்மாறி அமர்ந்தனர். ஆகவே, இரவற் பட்டியலுக்குரியவரைத் தொடக்கத்திலேயே சொல்லுதல், அதனைத் தன் வீட்டு முறைக்கு அடுக்குதல், தன்னால் இயன்றதைச் சேர்த்தல் என விதிகள் மூன்று பெறப்படும்.

நான்காம் விதியை அடியேன் கண்டறிந்தது எங்கள் குடிபூரலின்போதாம். அயல்வீட்டாரின் சாமான் துண்டை இரவல் வாங்கி, மஞ்சள், குங்குமம், கற்பூரம், தேசிக்காய், நிறைகுடத்துக்கு நெல் என்று எழுத்துப் பிசகாது பிரதி செய்து வருகையில், ஈற்றில் 'பொன்னம்மாக்காவுக்கு இரண்டு கொத்துப் பச்சையரிசி' என்றிருக்கக் கண்டு, அஃது ஏதோ சாஸ்திரோக்தமான தானமெனத் துணிந்து, ஐயரையும் வினவாமல், அரிசியைச் சுமந்துபோய் அவ்வம்மையாரின் திண்ணையில் பணிவுடன் வைத்தேன்.

"இருக்கட்டும் தம்பி," என்றார் பொன்னம்மாக்கா, அரிசியைப் பெட்டியிற் கொட்டியபடி. "அவை என்னட்டை வாங்கின கைமாத்துக்கு, இதோடை மூண்டாவது வீட்டாலை வந்திட்டுது."

எவ்வேட்டைப் பார்த்து எவ்வேடு எழுதப்பட்டதென்பதை அவற்றிற்குப் பொதுவான பிழையைக்கொண்டு நிறுவுதல் பாட ஆராய்ச்சியாளர் கையாளும் உத்தமமான பிரமாணமாதலின், அத்துண்டு எங்கள் ஒழுங்கையில் எவ்வழி பரவிற்று என்பதற்குப் பொன்னம்மாக்காவின் அரிசிப்பெட்டியே ஆதாரமாய் நிற்கின்றது. எழுதுமுன் வாசித்தல் என்பதே நான்காம் விதி. எங்கள் துண்டை நேற்றுப் பின்வீட்டார் இரவல் வாங்கிச் சென்றனர்; ஆராய்ச்சியின் நன்மை கருதி, ஈற்று வரியை யான் அழிக்கவில்லை.