முன்பாரம்

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு இரட்டை மாட்டு வண்டி, பஞ்சு மூட்டையோடு தேனி ஜின்னிங் மில்லுக்குப் போய்வந்த காலம். மூட்டை ஏற்றி முடித்த உடனே அப்பா மாட்டைப் பூட்ட மாட்டார். என்னை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கையை ரொம்ப இழுத்தால் முன்பாரம்; மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும். தானாக மேலே எழும்பினால் பின்பாரம். மேடு ஏறும்போது நுகம் கிளம்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். நுகம் கழுத்தில் லேசாக அழுந்துகிற வரைக்கும் மூட்டையை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருப்பார். மில்லில் வரிசை நீண்டுபோகுமே என்ற கவலையெல்லாம் அவருக்குக் கிடையாது.

இன்று எங்கள் தெருவில் டாட்டா ஏஸ் நிற்கிறது. நுகத்தடியைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் அவசியமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மெல்போர்னில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, தூத்துக்குடிக்காரரான மாப்பிள்ளை பழைய அலுமினியப் படகு ஒன்றை டிரெய்லரோடு வாங்கியிருந்தார். வெர்ரிபி சவுத் படகுத்துறையில் இறக்கி, போர்ட் பிலிப் விரிகுடாவில் ஸ்னாப்பர் மீன் பிடிக்கப் போவார். "வேகம் எடுத்தா டிரெய்லர் வாலை ஆட்டுது மாமா" என்றார். பார்த்ததுமே தெரிந்தது. படகின் பின்பலகை, கடைசித் தாங்கு ரோலருக்கும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சுத்தமான பின்பாரம்.

படகு டிரெய்லரின் முன்கம்பத்தில் ஒரு ரப்பர் ரோலர் இருக்கும். படகின் கனத்தைத் தாங்குவது அதன் வேலையல்ல. படகின் முன்முனையான அணியம் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஆகவே கம்பத்தை நகர்த்தினால் பாரமே நகரும். கார்க் கொக்கியில் விழும் பாரம், படகும் டிரெய்லரும் சேர்ந்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை இருப்பது நல்லது. குளியலறை எடைமெஷினைக் கொக்கி முனைக்கு அடியில் வைத்தோம். மொத்தம் 600 கிலோவுக்கு அது 15 கிலோதான் காட்டியது. யூ போல்ட்டுகளைத் தளர்த்திக் கம்பத்தை ஒரு சாண் முன்னே தள்ளி, விஞ்சால் படகை இழுத்துச் சேர்த்தோம். 41 வந்தது. பின்பலகையும் தாங்கு ரோலர் மேல் வந்து உட்கார்ந்தது. அணியத்தில் உள்ள இழுப்பு வளையம் ரோலருக்குக் கீழே அமரும்படி உயரத்தையும் மாற்றினோம். இல்லையென்றால் திடீர் பிரேக்கில் படகு ரோலர் மேல் ஏறிவிடும்.

பின்பாரம் ஏறினால் மாடு நின்றுவிடும், திமிறும். நாமும் இறங்கிப் பார்ப்போம். டிரெய்லரோ நூறு கிலோமீட்டர் வேகம் போகும்வரை வாய் திறக்காது. அதனால்தான் வீட்டு வாசலிலேயே அளந்து பார்க்கச் சொல்லி மாப்பிள்ளையை விடாமல் வற்புறுத்தினேன்.

"இனிமே இப்படியே விட்டுறலாமா மாமா?" என்று கேட்டார். பெட்ரோல் டேங்க் படகின் பின்னால் இருக்கிறது. அதை நிரப்பி, ஐஸ்பெட்டியும் நங்கூரமும் ஏற்றிய பிறகு மறுபடி எடைபோடச் சொன்னேன்.