மிடில் சி நடுவில் இல்லை: பியானோ வகுப்பின் திணை குறித்து ஓர் ஆய்வு

பியானோ கற்றல் பற்றி எழுதியவர்கள் உள்ளறையைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஸ்டூலின் உயரம், மணிக்கட்டின் வளைவு, கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து செல்லும் விதம் என்று பக்கம் பக்கமாக. வெளியறை என்று ஒன்று இருப்பது அவர்கள் கண்ணில் படவில்லை. அவர்களுக்கு வாசிக்கத் தெரியும், அதனால் நேரே உள்ளே போய்விட்டார்கள். இவ்வாய்வாளருக்கு அந்தக் குறை கிடையாது. மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் வகுப்பின் வெளியறையில், செவ்வாயும் வெள்ளியும் மாலை 5.30 முதல் 6.15 வரை, கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து 2 ஆண்டுகள் செய்த களப்பணியின் பயன் இக்கட்டுரை. மாதிரி அளவு: மகள் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்து நாற்காலிக்காரர்களின் பிள்ளைகள்.

முதலில் சொல்லாராய்ச்சி. 1700 வாக்கில் ஃப்ளோரன்ஸ் நகரில், மெதிச்சி பிரபுக்களின் இசைக்கருவிகளைப் பராமரித்துவந்த கிறிஸ்டோஃபோரி, விரல் அழுத்தத்துக்கு ஏற்ப மெல்லவும் உரக்கவும் ஒலிக்கும் கருவியைச் செய்தார். அதனால் அதற்கு 'பியானோ எ ஃபோர்ட்டே' என்று பெயர் வந்தது. மெல்ல, உரக்க என்று பொருள். காலப்போக்கில் பெயரில் பாதி தேய்ந்து 'மெல்ல' மட்டும் நின்றது. பிள்ளைகள் கையில் மற்றப் பாதி நின்றது.

வகுப்பின் முதல் பாடம் மிடில் சி. "இதுதான் நடு. எங்கயாவது தொலைஞ்சு போனா இங்க வந்துடணும் கண்ணா" என்பார் மிஸ். (கற்பிப்பவர் பெண்ணாயின் மிஸ், ஆணாயின் மாஸ்டர். வயது, திருமணம், பேரப்பிள்ளைகள் ஆகியவை இவ்விதியை மாற்றா.) இவ்வாய்வாளர் எண்ணிப் பார்த்தார். பியானோவில் கட்டைகள் 88. வெள்ளை 52, கறுப்பு 36. இடக்கோடியிலிருந்து எண்ணினால் மிடில் சி 40ஆவது கட்டை. உண்மையான நடு 44க்கும் 45க்கும் இடையில், அதாவது ஈ-க்கும் எஃப்-க்கும் இடையில் விழுகிறது. அங்கே கறுப்புக் கட்டைகூடக் கிடையாது, வெறும் இடுக்கு. எங்கள் வீட்டு 61 கட்டைக் கீபோர்டில் நிலைமை இன்னும் மோசம்: மிடில் சி 25ஆவது, நடு 31ஆவது, அது எஃப் ஷார்ப். நம் பாடகர்கள் இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சுருதி சொல்லும்போது சி-யை 'ஒரு கட்டை' என்றார்கள். நடு என்று எவரும் வாக்குக் கொடுக்கவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பை மிஸ்ஸிடம் சொன்னபோது, அவர் நோட்டைத் திறந்து காட்டினார். மேலே ஐந்து கோடு, கீழே ஐந்து கோடு, இடையில் குட்டிக் கோடு ஒன்றில் மிடில் சி தனியாக உட்கார்ந்திருந்தது. "பேப்பர்ல நடு சார்" என்றார்.

இக்கட்டுரையின் கருதுகோள் அந்த ஒரு வாக்கியத்தில் பிறந்தது. பியானோ வகுப்பில் மாணவரும் பேப்பரில்தான் நடு. ஃபீஸ் ரசீதில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அங்கே உண்மையில் கற்பவர் வேறெங்கோ, ஓர் இடுக்கில், செருப்பு ஸ்டாண்டுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறார்.

இதை நிறுவ, வகுப்பின் திணையை அறிவது முறை. ஊடல் உள்ளே நிகழ்வதால் மருதம் என்பாரும், ஆறு மாதத்தில் விட்டுப் பிரிவோர் பலர் ஆதலால் பாலை என்பாரும் உளர். இரண்டும் பொருந்தா. இது முல்லை. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். வெளியறையில் இருத்தலைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை. சிறுபொழுது மாலை; வகுப்பும் மாலை. பெரும்பொழுது கார், மழைக்காலத்தில் ஈரத்தில் மரம் உப்பி, அழுத்திய கட்டை மேலே எழும்பாமல் படுத்துக்கொள்வதும், ஈரம் போக மிஸ் அந்தப் பழைய நிமிர்ந்த பியானோவுக்குள் சின்ன பல்பு ஒன்றை எரியவிடுவதும் அப்போதுதான். (கார் என்பது ஆவணி, புரட்டாசி, சென்னையில் மழை கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில்தானே எனில், அது சென்னையின் பிழை, இலக்கணத்தின் பிழை அன்று.) கருப்பொருளும் குறைவில்லை. தெய்வம், அலமாரி மேல் முறைத்துப் பார்க்கும் பீத்தோவன் பொம்மை. பறை, மெட்ரோனோம். உணவு, டிபன் பாக்ஸில் முறுக்கு. விலங்கு, மாடிப்படியில் படுத்திருக்கும் நாய்.

இவ்வளவும் போதாது என்போர்க்கு இறுதிச் சான்று ஒன்று. கீழ்க் கோடுகளின் இடைவெளிகளில் வரும் ஏ, சி, ஈ, ஜி என்ற ஸ்வரங்களை நினைவில் வைக்கப் பிள்ளைகளுக்கு உலகெங்கும் கற்பிக்கப்படும் வாய்பாடு 'ஆல் கௌஸ் ஈட் கிராஸ்'. மாடுகள் புல் மேய்கின்றன. ஆநிரை மேய்த்தல் எந்தத் திணையின் தொழில் என்பதைத் தமிழ் படித்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலேயர் இதை அறியாமல் செய்தனர் என்று நம்ப இவ்வாய்வாளர் தயாரில்லை.

இனி, வெளியறைக்கு வித்தை ஏறும் வழி. தேர்வுக்கு மூன்று உருப்படிகள் வாசிக்க வேண்டும். பட்டியலில் பல இருந்தாலும் மிஸ்ஸுக்குப் பிடித்தவை மூன்றுதான். ஆகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே மூன்று. உள்ளே போகும் பிள்ளை ஒரு முறை தவறு செய்து ஒரு முறை திருத்தப்படுகிறது. வெளியே இருப்பவரோ முந்தைய பிள்ளையின் தவறு, தன் பிள்ளையின் தவறு, சீக்கிரமே வந்துவிட்ட அடுத்த பிள்ளை மடியில் தட்டிப் பார்க்கும் தவறு அனைத்தையும் கேட்கிறார். பிள்ளைக்குக் கண் தாளில், மனம் விரலில். காதுக்கு ஆள் இல்லை. வெளியறைக்காரருக்குக் காது மட்டுமே. போனில் சார்ஜ் தீர்ந்த நாட்களில் முழுக் காது.

தரவு: ஒரு பாட்டி. பேரனைக் கூட்டிவருபவர். சங்கீதம் முறையாகப் படித்தவரல்லர். பேரன் இடறும் இடத்தில் இவர் "ச்ச்" என்பார். முதலாண்டில் மிஸ் திருத்திய பிறகு "ச்ச்" வந்தது. இரண்டாமாண்டில் மிஸ்ஸும் பாட்டியும் ஒரே நேரத்தில். சென்ற தைக்குப் பிறகு "ச்ச்" முதலில் வருகிறது, தவறு அதன் பின்னால் வருகிறது.

மாணவர் தரப்பை ஆராயாமல் விடுவது நேர்மையன்று. அவர் கற்பது காரணம் சொல்லும் கலை. "யூனிட் டெஸ்ட் மிஸ்" என்பது தொடக்கநிலை. "புக்கை இங்கயே வெச்சுட்டுப் போயிட்டேன்" இடைநிலை. இதற்கு முன்யோசனை வேண்டும். "கீழ் வீட்டுத் தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல, வாசிக்க வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க" என்பதில் கருணை, குடும்பம், அயலார் நலம் மூன்றும் கலந்திருப்பதால் அது உயர்நிலை. இவை அனைத்துக்கும் மேலே, எல்லா வயதினரும் எடுத்தாளும் மகாவாக்கியம் ஒன்று உண்டு: "வீட்ல நல்லா வந்துச்சு மிஸ்."

இதைப் பொய் என்று ஒதுக்குவது அறிவியல் ஆகாது. வீட்டுக் கீபோர்டின் கட்டை பிளாஸ்டிக், தொட்டால் இறங்கும். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே நெம்புகோல்கள் அசைந்து, கம்பளி பொதிந்த சுத்தியல் எழும்பிக் கம்பியை அடித்துத் திரும்ப வேண்டும். சுண்டுவிரலுக்கு அது மூட்டை தூக்கும் வேலை. ஆகவே வீட்டில் நல்லா வந்தது வகுப்பில் வராமல் போகலாம். வீட்டிலும் அதைக் கேட்டவர் யாரும் இல்லை என்பது தனி ஆய்வுக்கு உரியது.

2019இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், பியானோவை நிமிடத்துக்கு 325 தட்டு வேகம்வரை ஏற்றி வாசித்து, அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் 10 லட்சம் டாலர் வென்றான். அந்த வேகம் இன்னும் எங்கள் வெளியறையை விட்டுப் போகவில்லை. புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வந்த ஒருவர், "எங்க பையனுக்கு மேக்ஸிமம் எவ்ளோ ஸ்பீடு வரும் மிஸ்?" என்று கேட்டார், வண்டி மைலேஜ் கேட்பதுபோல. "முதல்ல நகம் வெட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார் மிஸ்.

தேர்வுக் காலத்தில் வெளியறை கணிதத் துறையாக மாறும். லண்டன் டிரினிட்டி தேர்வில் உருப்படிக்கு 22 வீதம் மூன்றுக்கு 66. ஸ்கேல் முதலான பயிற்சிகளுக்கு 14. துணைச் சோதனைகள் இரண்டுக்கும் 20. தேற 60. அப்படியானால் ஸ்கேலே வாசிக்காமல் தேறிவிடலாம் என்று ஓர் ஆடிட்டர் அப்பா நிறுவினார். இதை மிஸ் காதில் விழும்படி சொன்னதுதான் தவறு. மறுவாரம் முதல் எல்லாருக்கும் முக்கால் மணியும் ஸ்கேல்.

'ஃபர் எலிஸ்' பற்றிச் சொல்லாமல் எந்தப் பியானோ ஆய்வும் முடியாது. பீத்தோவன் 1810இல் எழுதியது, அவர் இறந்து 40 ஆண்டுகள் கழித்து 1867இல்தான் அச்சானது. எலிஸ் யார் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் பூசல். தைவானில் குப்பை வண்டி அதை ஒலித்துக்கொண்டு தெருவுக்குள் வரும். எங்கள் வகுப்பில் அதன் முதல் எட்டு பார் மட்டுமே வழக்கில் உள்ளது. ஒன்பதாவதை எட்டிப் பார்த்த பிள்ளை இல்லை. ஈ, டி ஷார்ப், ஈ, டி ஷார்ப், ஈ என்று ஏறியிறங்கி, அடுத்து வர வேண்டிய பி-க்குப் பதில் பி ஃப்ளாட்டில் போய் இடிப்பது என் மகளின் பாணி.

சென்ற மாதம் அசோக் பில்லர் சிக்னலில் நிற்கும்போது, என் வலக்கை விரல்கள் ஸ்கூட்டர் ஹேண்டில்பார் மேல் அந்தப் பி-யைச் சரியாகத் தொட்டன. பின்னால் உட்கார்ந்திருந்த மகள், "அப்பா, பச்சை விழுந்தாச்சு" என்றாள்.

கருதுகோளைச் சோதனைக்கு உட்படுத்துவது ஆய்வாளர் கடமை ஆதலால், சித்திரை முதல் தேதி நானே சேர்ந்தேன். அரை மணி நேரம், அவள் வகுப்பு முடிந்ததும். ஐந்தாவது வாரம் ஃபர் எலிஸ். ஸ்டூல் எனக்குச் சிறியது. தாள் மங்கலாகத் தெரிந்தது. மிஸ் பென்சிலால் நோட்டைத் தட்டினார்.

"இந்த வாரம் ப்ராக்டிஸ் பண்ணீங்களா சார்?"

"ஆபீஸ்ல ஆடிட்டு மிஸ். ஆனா வீட்ல நல்லா வந்துச்சு."

விரல் ஈ-யில் தொடங்கி, டி ஷார்ப்புக்குப் போய், திரும்பி வந்து, நேரே பி ஃப்ளாட்டில் விழுந்தது.

வெளியறையில், கை உடைந்த நாற்காலியிலிருந்து, "ச்ச்" என்றது ஒரு சின்னக் குரல்.