கம்பெனிக்காரன் மறப்பானா?

"டார்க் எல்ஃப்னு சொல்லாதடா. டன்மர்."

திரையில் சாம்பல் நிறப் பெண் ஒருத்தி என் தலைக்கு மேலே கோடரியை ஓங்கிவிட்டாள். நம்ம ஆள் பின்னால் கட்டிலில் சாய்ந்து முறுக்கு தின்றபடி திருத்துகிறார். நான் செத்துப்போனேன். "பாத்தியா?" என்றார், பெயரைச் சரியாகச் சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள் என்கிற தோரணையில்.

"மெனுவுலயே டார்க் எல்ஃப்னுதானே போட்டிருக்கான்?"

"அது வெளியாள் வச்ச பேரு."

மெனுவுக்கு வெளியாள் யார் என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு வரிசையை ஆடுகிற அறை ஒவ்வொன்றிலும் இப்படி ஒருத்தர் குடியிருப்பார். அவர் ஆடமாட்டார். ஆடுகிறவனைத் திருத்துவார். 2002-இல் அந்த வரிசையின் மோரோவிண்ட் ஆடியவர் என்பதுதான் அவருடைய தகுதி. 2011-இல் ஸ்கைரிம் வந்த பிறகு ஆட வந்த நாங்களெல்லாம் நேற்றுப் பஸ் ஏறி வந்தவர்கள். ஹெட்செட்டை இரவல் வாங்கினால் திருப்பித் தரமாட்டார், கரண்ட் பில்லில் பங்கு கொடுக்கமாட்டார். அதெல்லாம் கிடக்கட்டும். பெயர்தான் விஷயம்.

ஹை எல்ஃப் என்றால் ஆல்ட்மர். வுட் எல்ஃப் என்றால் பாஸ்மர். ஓர்க்கைக்கூட ஓர்சிமர் என்றுதான் சொல்ல வேண்டும். ட்வார்ஃப் என்றால் ட்வெமர். அவர்கள் குள்ளர்களே இல்லை, நம் உயரந்தான். பிறகு ஏன் அந்தப் பெயர்? முதலில் அவர்களைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் ராட்சதர்களாம். ராட்சதன் கண்ணுக்கு யார்தான் குள்ளன் இல்லை? இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எனக்கும் அந்த விளக்கம் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

நான் தொழிலுக்குப் புரூஃப் பார்க்கிறவன். ஒரே கதையில் மூன்றாம் பக்கத்தில் கமலாவாக இருந்தவள் பதினேழாம் பக்கத்தில் விமலா ஆகிவிட்டால், எழுதியவர் மறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு அழகாக ஒரு வட்டம் போடுவேன். இந்த விளையாட்டைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது. ஊர் ஸ்கைரிம், ஆள் நார்ட். ஊர் ஹாமர்ஃபெல், ஆள் ரெட்கார்ட். ஊர் ஹை ராக், ஆள் பிரெட்டன். சரி, ஊருக்கும் ஆளுக்கும் ஒட்டுறவு இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டால், ஆர்கோனியன் என்கிற பல்லி மனிதன் மட்டும் ஆர்கோனியாக்காரன். அதுவும் பழைய பெயர், இப்போது அது பிளாக் மார்ஷ். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதோ சாக்ஸ்லீல். அலினோர் என்பது சில சமயம் ஒரு நகரம், சில சமயம் அந்த நகரம் இருக்கிற தீவு முழுவதும்.

"குளறுபடியா இருக்கே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். முறுக்குப் பொட்டலம் மூடப்பட்டது. ஆபத்து.

நம்ம ஆளின் அகராதியில் குளறுபடி என்ற சொல்லே கிடையாது. கம்பெனிக்காரன் மறந்திருப்பான் என்று மட்டும் அவர் முன்னால் சொல்லக் கூடாது. மூலநூலில் முரண் தெரிந்தால் அது படிப்பவனுடைய குறை என்பது பழைய உரைகாரர்களின் வழக்கம். பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் அடியை இழுத்து வந்து இன்னொரு அடியோடு கொண்டுகூட்டிப் பொருள் சொல்லிவிடுவார். அவருடைய ஆவிதான் எங்கள் கட்டிலில் சாய்ந்து கிடக்கிறது.

சைரோடில் என்றொரு நாடு. 1998-இல் வந்த ரெட்கார்ட் ஆட்டத்தோடு கொடுத்த கையேட்டில் அது அடர்ந்த வெப்பக்காடு. 2006-இல் வந்த ஆப்லிவியன் ஆட்டத்தில் போய்ப் பார்த்தால் புல்வெளியில் மான் மேய்கிறது. நானாக இருந்தால் வட்டம் போட்டிருப்பேன். அவரோ, ராஜா தெய்வமாகி நிலத்தையே மாற்றிவிட்டார் என்கிறார். ஆன்லைனில் ஆடும் ஆட்டத்தில் ஒரு புத்தகம் கிடைக்கிறது. சைரோடிலைக் காடு என்று சொன்னதே படியெடுத்தவர் செய்த பிழையாக இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. நான் துள்ளிவிட்டேன். ஏடு பெயர்த்தவன் பிழை! என் கட்சியைக் கம்பெனியே எழுதிக் கொடுத்துவிட்டது.

"அந்தப் புக்கை எழுதினது ஆட்டத்துக்குள்ள இருக்கிற ஒரு அம்மா" என்றார் அவர், சலனமே இல்லாமல். "அது அவங்க கருத்து."

கடைசி அம்பாக யவனரை எடுத்தேன். அயோனியா என்ற ஒரு கரையோரத்துக் கிரேக்கர்களின் பெயர் அது. நாம் அதைக் கிரேக்கர், ரோமர் என்று கப்பலில் வந்தவர்களுக்கெல்லாம் மாட்டிவிட்டோம். நிஜ உலகத்திலேயே பெயர் இப்படித்தான் கண்டபடி ஓடுகிறது, இதற்குப் போய் ஏன் இத்தனை வியாக்கியானம்?

"அது வரலாறு மச்சான். வரலாத்துல தப்பு இருக்கலாம்" என்றார். "இதுல எப்படி இருக்கும்?"

இதுவரை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். ஒன்றைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. கீழே மெஸ்ஸில் பரிமாறுகிற பையனை அவர், "நேபாளி, ரெண்டு பரோட்டா" என்றுதான் கூப்பிடுவார். அவன் நேபாளி இல்லை. "அஸ்ஸாம்ணா" என்று என் காதுபடவே இரண்டு தடவை சொன்னான், நல்ல தமிழில். "எல்லாம் ஒண்ணுதான் விடு" என்று இவர் சால்னாவை ஊற்றிக்கொண்டார். இல்லாத ஊரின் பல்லி மனிதன் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறான் என்பது தெரிந்த மனுஷன்! எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"அது வெளியாள் வச்ச பேரு" என்றேன்.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. என்னைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பேசாமல் கை கழுவப் போய்விட்டார். இரண்டு நாள் அறையில் திருத்தம் எதுவும் இல்லை. நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். என்னவோ, டார்க் எல்ஃப் கையால் செத்தாலும் ருசிக்கவில்லை.

மூன்றாம் நாள் மெஸ்ஸில் பில் வர நேரமாயிற்று. "அந்த அஸ்ஸாம் பையனைக் கூப்பிடு" என்றேன்.

"அஸ்ஸாம்னு பொத்தாம்பொதுவா சொல்லாதடா." முகத்தில் பழைய வெளிச்சம். உட்கார்ந்து விசாரித்திருக்கிறார். "போடோ. அதுகூட நாமதான் சொல்றோம். அவங்க தங்களைச் சொல்லிக்கிறது போரோ. மொழிக்கும் அதே பேருதான்."

பையன் பில்லை வைத்துவிட்டுச் சிரித்தான். எனக்கு மனசு இளகிவிட்டது. எட்டணாவாவது திருந்தியிருக்கிறாரே.

"சரி, இவன் பேரு என்ன?" என்றேன்.

"அதான் சொன்னேனேடா. போரோ."