சும்மா இருக்கிறதுக்கும் தகுதி வேணும், பேராண்டி

வாடா பேராண்டி, இப்படி நிழலுக்கு வா. மீன் இறக்குற எடத்துல நின்னுக்கிட்டு போன நோண்டாத. ஐஸ் தண்ணி தெறிச்சு சுர்மை மீனு வாடை ஏறிச்சுன்னா டெல்லிக்காரன் உன் ஃபார்ம முகந்து பாத்தே தள்ளிருவான். டீ சொல்லியிருக்கேன், குடி.

என்னது, பிரதமர் இன்டர்ன்ஷிப்பா? சந்தோசம். பெரிய கம்பெனில ஒரு வருசம் வேலை பழகலாம், மாசம் 5,000 ரூவா, சேரும்போது ஒரு தடவை 6,000. அந்த ஐயாயிரத்துல 4,500 சர்க்கார் உன் கணக்குல போடும், மிச்சம் 500 கம்பெனி குடுக்கும். நாட்டுலயே பெரிய கம்பெனி 500, தலைக்கு மாசம் 500. ராசி எண் பாத்துதான் வெச்சிருப்பாங்க போல.

விதியெல்லாம் நான் கண்ணாடி போட்டுப் படிச்சுட்டேன். 2024 அக்டோபர் 3-ந்தேதி ஆரம்பிச்சப்ப போட்டது. அடுத்த சுத்துல மாத்தினாலும் மாத்துவாங்க. மாத்தினா வா, புத்தியையும் மாத்திச் சொல்றேன்.

மொதல்ல வயசு. 21-ல இருந்து 24-க்குள்ள இருக்கணும். படிப்பு பத்தாவது பாஸ் பண்ணியிருந்தாலே போதுமாம். பத்தாவது முடிக்கிறப்ப ஒருத்தனுக்கு 16 வயசு. நடுவுல அஞ்சு வருசம் அவன் என்னடா பண்ணுவான்? முழுநேர வேலைக்குப் போயிருந்தா, அதை விட்டுட்டு வரணும். முழுநேரமா படிச்சுக்கிட்டு இருந்தாலும் ஆகாது. அஞ்சல் வழியில படிச்சா கண்டுக்க மாட்டாங்க. சரி, டாலிகஞ்ச் ஐடிஐ-ல படிச்சு சர்க்கார் திட்டத்துல அப்ரண்டிஸ் முடிச்சானா? அவனும் வெளிய. ஏற்கெனவே வேலை பழகிட்டானே! இந்தப் பக்கம் எம்ஏ, எம்பிஏ, சிஏ, எம்பிபிஎஸ் கிடையாது. ஐஐடி, ஐஐஎம்-ல படிச்சவனும் வர வேண்டாம்.

நம்ம செவுள் வலை கதைதான். பொடி மீனு கண்ணு வழியா ஓடிரும், பெரிய மீனு முட்டிட்டுத் திரும்பிரும், நடுவுல கண்ணுக்குத் தோதா தலை நீட்டுற மீனு மட்டும் மாட்டும். உன்னைய அளந்துதான் வலை பின்னியிருக்கான். பிஏ முடிச்சுட்ட, மேல படிக்கல, வேலைக்கும் போகல. இனிமே உங்கம்மா "சும்மாவே உக்காந்திருக்கியே"ன்னு திட்டுனா, "தகுதியக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்"னு சொல்லு. விதி நகலையும் கையில வெச்சுக்க, வெளக்குமாறு வந்தா தடுக்க ஆகும்.

அடுத்தது விலாசம். போர்ட் பிளேர்னு போடுறதா, ஸ்ரீ விஜயபுரம்னு போடுறதான்னு நீ முழிக்கிறது தெரியுது. 2024 செப்டம்பர்ல ஊர் பேரை மாத்துனாங்க, அடுத்த மாசமே ஃபார்மும் வந்துருச்சு. ஆதார்ல எது இருக்கோ அதைப் போடு. நம்ம ஜங்லிகாட் பேரை மட்டும் எவனும் இன்னும் தொடல, அதுவரைக்கும் பாக்கியம்.

இப்பதான் முக்கியமான எடத்துக்கு வந்திருக்க. "குடும்பத்துல யாருக்காவது நிரந்தர அரசு வேலை உண்டா?" இந்தக் கேள்விய எழுதுனவன் நம்ம அந்தமான் தீவுக்கு வந்தே இருக்க மாட்டான்டா. ஷிப்பிங், கரண்டு, பொதுப்பணி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு, இங்க கண்ண மூடிக்கிட்டு ஒரு கல்ல எறிஞ்சா சர்க்கார் ஆளு மண்டையிலதான் விழும். ஆனா பயப்படாத. குடும்பம்னா யாருன்னு விதியே சொல்லுது: நீ, அப்பா, அம்மா, கட்டிக்கிட்டவ. அவ்வளவுதான். அண்ணன் பர்மனண்டா இருந்தாலும் குடும்பம் இல்ல. தாத்தா நானும் குடும்பம் இல்ல. டீக்கு நீயே காசு குடுத்துரு.

வருமானத்துக்கும் ஒரு வரம்பு இருக்கு, வருசத்துக்கு 8 லட்சம். இதுல ஒரு வேடிக்கையப் பாரு. பஜார்ல கடை வெச்சு மாசம் 65,000 பாக்குறவன் மவனுக்கு உண்டு. எதிர்த்த ஆபீஸ்ல டீ கிளாஸ் எடுத்துக்கிட்டுப் போற பர்மனண்டு பியூன் மவனுக்குக் கிடையாது. மீன்பிடிக்காரன் வருமானம் எட்டு லட்சமா எட்டாயிரமான்னு வருணபகவானுக்கே தெரியாது, அவன் மவனும் வரலாம். அதுக்கெல்லாம் தாசில்தார் பின்னால அலைய வேண்டாம், நீயே உறுதி சொன்னாப் போதும்னு போட்டிருக்கான். நம்ம மேல இம்புட்டு நம்பிக்கை வெச்ச சர்க்காரை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

உங்கப்பன் விசயம் இன்னும் ருசி. அவன் டிஆர்எம், டெய்லி ரேட்டட் மஸ்தூர். வேலை பூரா சர்க்கார் வேலை, ஆளு மட்டும் சர்க்கார் ஆளு இல்ல. ஒரு தலைமுறையே அப்படி நரைச்சுப் போச்சு. சம்பளம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாங்க. போட்ட உத்தரவ நிறைவேத்தலன்னு 2023 ஆகஸ்டுல கல்கத்தா ஹைகோர்ட்டோட இங்கத்த பெஞ்சு சீஃப் செகரட்டரியையே சஸ்பெண்ட் பண்ணி, லெப்டினன்ட் கவர்னருக்கு அஞ்சு லட்சம் அபராதமும் போட்டுச்சு. நாங்க லட்டு வாங்கி வாயில வெக்கறதுக்குள்ள, மறுநாளே சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வெச்சிருச்சு. இத்தனை காலமா "பர்மனண்டு ஆக்குங்க"ன்னு உங்கப்பன் கொடி புடிச்சானே, ஆக்கியிருந்தா இன்னைக்கு உன் ஃபார்ம் குப்பைக்குப் போயிருக்கும். அவனை நிரந்தரம் பண்ணாம வெச்சிருந்தது உன் எதிர்காலத்துக்காகத்தான்னு இப்பவாவது புரிஞ்சுதா? சாயங்காலம் போயி நன்றி சொல்லு. யாருக்குன்னு நீயே முடிவு பண்ணிக்க.

எல்லாம் பொருந்திருச்சு, ஆஃபரும் வந்துருச்சுன்னு வெச்சுக்குவோம். எங்க வரும்? அந்த ஐநூறு கம்பெனில ஒருத்தனும் ஜங்லிகாட் சந்துல பெரிய ஆபீஸ் போட்டு உக்காரல. சென்னைன்னு வரும், ஓசூர்னு வரும். சென்னைக்கும் நமக்கும் நடுவுல ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தண்ணி. கடலுக்கு அடியில 2,300 கிலோமீட்டருக்கு வயர் இழுத்து 2020 ஆகஸ்டுல தொறந்து வெச்சாங்க, ஃபார்ம் அதுல ஒரு நொடியில போயிரும். நீ அதுல போக முடியாதே. கப்பல்ல ஏறுனா மூணு நாளு, அதுவும் கப்பல் இருந்தா, டிக்கெட் கிடைச்சா. விமானத்துல போனா அந்த ஆறாயிரம் உன்ன எறக்கி விட்டுட்டு அதுவும் எறங்கிப் போயிரும். அப்புறம் மாசம் ஐயாயிரத்துல கட்டிலுக்கு வாடகை குடுத்தா சோறு இல்ல, சோறு தின்னா கட்டில் இல்ல. தீவுக்காரனுக்குத் தகுதி இல்லன்னு விதியில ஒரு வரி கூடக் கிடையாது. அந்த வரிய எழுதாமலே எழுதியிருக்கான் பாரு, அங்கதான் அவன் கெட்டிக்காரன்.

நமக்கு மட்டும்தான் இப்படின்னு மூஞ்சியத் தூக்காத. மொதல் சுத்துல கம்பெனிங்க காட்டுனது 1,27,000 எடம். 82,000-க்கு மேல ஆஃபர் போச்சு. சரின்னு சொன்னது 28,000 சொச்சம். பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போய்ச் சேந்தது 8,700 பேரு கிட்ட. எடம் தூரம், வேலை புடிக்கல, ஒரு வருசம் ரொம்ப நீளம்னு பசங்க சொன்னாங்களாம். மெயின்லேண்டுல ரயில் ஏறிப் போறவனுக்கே தூரமா இருந்திருக்கு.

இதையாவது காசு குடுக்குற திட்டம்னு சொல்லிக்கலாம். நிதி ஆயோக்ல ஒரு இன்டர்ன்ஷிப் இருக்கு. டிகிரி படிக்கிற புள்ளைன்னா பன்னெண்டாவதுல 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, லேப்டாப்பும் அவனே கொண்டாரணும், சம்பளம் சைபர். நாட்டுல வறுமைய எப்படி ஒழிக்கலாம்னு அங்க உக்காந்து யோசிக்கலாம்.

ஐக்கிய நாட்டு சபையிலயும் இதே கதைதான். 2015-ல நியூசிலாந்துப் பையன் ஒருத்தன் ஜெனீவாவுல சம்பளமில்லாம பழக வந்து, வாடகை கட்ட முடியாம ஏரிக்கரையில கூடாரம் அடிச்சுப் படுத்தான். பேப்பர் பூரா அவன் படம். ஊர் கவனிக்கணும்னு வேணும்னேதான் படுத்தேன்னு பின்னால அவனே சொல்லிட்டான். கெட்டிக்காரப் பய. நீ மெரினாவுல கூடாரம் போட்டா பேப்பர்காரன் வரமாட்டான், போலீஸ்தான் வருவான். அதனால அந்த யோசனைய இப்பவே விட்டுரு.

இன்னொரு சங்கதி, உங்கம்மா இன்னும் உங்கிட்ட சொல்லியிருக்க மாட்டா. உங்கத்தை உனக்கு ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கா. ஆஸ்பத்திரி நர்ஸ், பர்மனண்டு. போட்டோ பாத்தேன், லட்சணமா இருக்கு. கட்டிக்கிட்டவ குடும்பம்தானே? தாலி கட்டுன நிமிசமே உன் தகுதி போச்சு. ஒரு வருசம் கழிச்சுக் கட்டலாம்னா, "மாப்பிள்ளைக்கு என்ன வேலை"ன்னு கேக்குறப்ப நாங்க என்ன சொல்ல? "அவனுக்கு மாசம் ஐயாயிரம் வரணும்னா இந்தப் பொண்ணு கொஞ்ச நாள் காத்திருக்கணும்"னு சொன்னா செருப்பு பறக்கும். பொண்ணு வீட்டுல புதன்கிழமைக்குள்ள பதில் கேக்குறாங்க. ஃபார்முக்குக் கடைசித் தேதி என்னைக்குடா?