பலகைப் பிரியர்

மேற்கு வெயில் நேரே விழாதபடி சாய்வுத் தகடுகளும், காற்றுப் புகத் துளையிட்ட செங்கற்சுவரும், வெண்மையும் சாம்பலுமாக இரண்டே நிறங்களும் வைத்து, இன்னொரு கோடு சேர்த்தால் மிகை, ஒன்றை நீக்கினால் குறை என்னும்படி கட்டடக் கலைஞர் எழுப்பிய நாலு மாடிக் கட்டடத்தை, நமது பலகைப் பிரியர் எதிர் நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்து, “எல்லாம் சரி, இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே!” என்று ஆதங்கப்படும் க்ஷணத்திலேயே அதன் தலைவிதி நிச்சயமாகிவிடுகிறது.

முதலில் வருவது பெயர்ப் பலகை, அதில் தோஷமில்லை. மேம்பாலத்தில் போகிறவர்களுக்கு அது தெரியவில்லை என்று இரண்டாவது வருகிறது. மெட்ரோ தூண் மறைக்கிறதென்று பக்கவாட்டில் மூன்றாவது. அதைப் பார்த்தவர்கள் முன்னால் இருப்பது வேறு கடை என்று மயங்கிவிடலாகாதே என்ற கருணையினால் நாலாவது. ‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது’ என்பது ஐந்தாவது. தாம்பரத்தில் கிளை திறந்த பிறகும் அதைக் கழற்ற மனம் வராமல், அதன் அருகிலேயே தாம்பரக் கிளையின் விலாசத்தோடு ஆறாவது. ஆடித் தள்ளுபடிக்குக் கட்டிய ஃபிளெக்ஸ் வெளுத்துக் கிழிந்து தைமாதம்வரை தொங்கும். அவிழ்ப்பது அவர் சம்பிரதாயத்தில் இல்லையாதலால், பொங்கல் வாழ்த்து அதன் மேலேயே ஏறிக்கொள்ளும்.

பெயர்ப் பலகையில் தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு என்று அரசாங்கம் 5:3:2 விகிதம் வகுத்திருக்கிறது. இவர் அதை அட்சரம் பிசகாமல் அனுசரிக்கிறவர். ஆனால் அந்தப் பங்கீடெல்லாம், கைகூப்பிய தம் உருவத்துக்கும் மாலை போட்ட தகப்பனார் படத்துக்கும் போக மிஞ்சிய இடத்தில்தான் நடைபெறும்.

பாரிமுனைப் பக்கம் 1930களில் ஆர்ட் டெகோ பாணியில் எழுந்த கட்டடங்கள் சிலவற்றில், பெயரையே முகப்புச் சுவரில் சிமெண்டு எழுத்தாகப் புடைக்கவிட்டு, கட்டடத்தையும் பெயரையும் ஒரே அழகாகச் செய்திருப்பதை அவருக்குக் காட்டினால், “இதுல லைட்டு எங்கே சார்?” என்பார். வெகுளித்தனமான அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. இரவு விளக்குகள் எரியும்போது, தள்ளுவண்டியில் துணி விற்ற தகப்பனாரின் பெயர் மூன்றாவது மாடி உயரத்தில் ஜொலிப்பதை அவர் வாயைத் திறந்தபடி பார்த்து நிற்பதைக் கண்டவர்களுக்கு, அவரை முற்றிலும் வெறுப்பது சாத்தியமில்லை.

ஆனால் அந்த மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவன் நான். முகப்பு முழுவதையும் ஏசிபி ஷீட்டால் மூடி, அதன் மேல் ஆளுயர அக்ரிலிக் எழுத்துக்களைப் பதித்த பிறகு, என் ஜன்னலைத் திறந்தால் தெரிவது இரும்புச் சட்டமும், ஒயர்க் குவியலும், அவற்றின் இடுக்கில் குடித்தனம் நடத்தும் புறாக்களுமே. பகலில் விளக்கேற்றிப் படிக்கிறேன்; இரவில் ஷீட்டின் இடைவெளி வழியே வரும் சிவப்பு வெளிச்சத்தில் விழித்துக்கிடக்கிறேன். 2017-இல் தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக் கட்டடம் ஒரு நாளுக்கு மேல் எரிந்து, பகுதி இடிந்து, முடிவில் முழுவதுமே தகர்க்கப்பட்டதை ஊரே பார்த்தது. அதை நினைவுபடுத்தி, “இங்கே தீப்பிடித்தால் புகை எப்படி வெளியேறும், நாங்கள் எப்படி வெளியேறுவோம்?” என்று கேட்டேன். அவர் ஒரு கணமும் தயங்கவில்லை.

“நல்ல பாயிண்ட்டு சார். ‘அவசர வழி’ன்னு ஒரு போர்டு வெச்சிடலாம்.”

மறுவாரமே வந்துவிட்டது, பச்சை விளக்கோடு. அதன் அம்புக்குறி காட்டும் இடத்தில் இருந்த ஜன்னலை, ஷீட் ஆடாமல் நிற்பதற்காகத் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்கள்.